கம்பெனி நாயும் இருளம்மாளின் கோழிகளும்

இருளம்மாள் வீட்டுக் கோழிகளுக்கு எல்லாப் பக்கமும் எதிரிகள் உண்டு. மேலே பருந்து. சாக்கடைக் குழாய் வழியாகக் கீரி. பொழுது சாயும் நேரம் பார்த்துச் சுவரின் மேல் நடந்து வரும் பூனை. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பதில் வைத்திருந்தாள். முருங்கை மரத்துக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவே கயிறு கட்டி, அச்சாபீசில் கழித்துப்போட்ட ஜிகினாக் காகிதத்தை நாடா நாடாவாகக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள். வெயிலில் அது மினுங்கிக்கொண்டே இருக்கும்வரை பருந்து மேலே வட்டம் போடுவதோடு சரி, இறங்காது. குழாயின் வாயில் கம்பிவலை வைத்துச் சிமெண்டால் பூசியிருந்தாள். பூனைக்குப் பஞ்சாரம். மூங்கில் சிம்பில் பின்னிய அந்தக் கூடையைக் கோழிகள்மேல் கவிழ்த்து, அதன் தலையில் உடைந்த அம்மிக்கல்லை ஏற்றிவிடுவாள்.

நாய்க்குத்தான் அவள் ஒன்றும் செய்து வைக்கவில்லை. தெருவில் திரிந்த நாய்கள் எல்லாம் தெரிந்த நாய்கள். குட்டியாக இருக்கும்போதே கோழி விஷயத்தில் நன்றாக அடி வாங்கியவை. ஒரு தாய்க்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்தால் ஓரமாக ஒதுங்கிப் போகிறவை.

அதனால் கார்த்திகையில் முதல் கோழி காணாமல் போனபோது அவள் நாயை நினைக்கவே இல்லை. வைக்கோல் படப்பின் பின்னால், இடிந்த வீட்டு மூலையில், கண்மாய்க் கரைப் புதரில் என்று தேடிக்கொண்டு போனாள். கரையோரம் ஒரு வேலிக்கருவை மூட்டில் இறகுகள் கிடந்தன. பழுப்பும் கறுப்பும் கலந்த இறகுகள். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அது எந்தக் கோழியுடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சிவகாசிக்குப் பக்கத்தில், நாரணாபுரத்தை ஒட்டிய சின்ன ஊர் அது. இருளம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. அவளுடைய அப்பா கரிசல் காட்டில் கூலிக்குப் போனவர். அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள். பசை காய்வதற்காக அடுக்கிவைத்த பெட்டிகளுக்கு நடுவில்தான் இருளம்மாள் தூங்கிப் பழகினாள். கல்யாணமாகி வந்த பிறகு வெடிக் கம்பெனி. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சரவெடி பின்னுகிற வேலை. காலையில் கம்பெனி வேன் ஆரன் அடிக்கும்போது கோழிகளைத் திறந்துவிட்டு ஓடுவாள். சாயங்காலம் திரும்பி வந்து அடைப்பாள். இடைப்பட்ட பகல் முழுதும் அவை தாமே மேய்ந்து தாமே திரும்பின. இத்தனை வருடத்தில் நாய்க்கு ஒரு குஞ்சுகூடப் போனதில்லை.

இந்த வருடம்தான் அவள் இத்தனை நாள் தொடர்ந்து பகலில் வீட்டில் இருந்தாள். தீபாவளி முடிந்து சில வாரம் கம்பெனி மூடிக்கிடப்பதும், பிறகு பூஜை போட்டுத் திறப்பதும் வழக்கம்தான். ஆனால் இந்த முறை சீசன் நெருக்கடியில் ஆர்டரை முடிப்பதற்காக, அறைக்குள் மட்டுமே செய்யலாம் என்று சட்டம் இருக்கும் வேலையை மரத்தடியில் ஆட்களை உட்கார வைத்து வாங்கியதை ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். கதவுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்தவர்களில் இருளம்மாளும் ஒருத்தி. அறைக்குள் வேகிறதற்கு இது எவ்வளவோ மேல் என்று சந்தோஷமாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

காவலுக்கு ஆளே இல்லாத காலத்தில் போகாத கோழி, அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கும்போது போகிறது. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அவளுக்கு இப்போது கோழி முக்கியம். மகள் மாரிசெல்வியைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். தலைப்பிரசவம் தையில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெடைக்கோழி அடித்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுச் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும். வெடை என்றால் இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை. அதன் கறியில்தான் பச்சை உடம்புக்குத் தெம்பு என்பார்கள். செல்வி பிறந்தபோது இருளம்மாளுக்கு அது கிடைக்கவில்லை. யார்மேலும் குறை இல்லை, அந்த வருடம் வீட்டில் எதுவுமே இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த வெறும் பூண்டுச் சாற்றின் மணம் இன்னும் அவளுக்கு மறக்கவில்லை. செல்வி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த வாரமே அவள் ஒரு கோழியை அடைக்கு வைத்தாள். பொரித்த குஞ்சுகளில் ஏழு வெடைகள் தேறின.

"கோளியெல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று செல்வி போனில் கேட்டாள்.

"அதுகளுக்கென்ன. ஆள மிதிக்கிற மாதிரி வளந்து நிக்குதுக."

"நான் வர்றதுக்குள்ள முட்டை வைக்க ஆரம்பிச்சிருச்சுன்னா அப்புறம் அறுக்க ஒனக்கு மனசு வராது. பாத்துக்க."

"நீ மொதல்ல வேளைக்குத் தின்னு. கோளிய நான் பாத்துக்கிடுவேன்."

அன்றைக்கு ஏழில் ஐந்துதான் இருந்தன.

எதிர்வீட்டுப் பலவேசம் அவளைவிட மூத்தவர். தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இப்போது நாலு ஆடும் கொஞ்சம் கோழியும் வைத்திருந்தார். கோபக்காரர் என்று பெயர். ஒரு நாள் காலையில் கக்கத்தில் சேவலை இடுக்கிக்கொண்டு வந்து இருளம்மாள் வாசலில் நின்றார்.

"ஏத்தா இருளம்மா, இங்கன வந்து இத என்னான்னு பாரு."

சேவலைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் மொட்டையாக இருந்தது. வாலில் ஒரு இறகு இல்லை.

"கருப்பசாமிக்கு நேந்து விட்டது. ஊனமில்லாம குடுக்கணும். இதக் கொண்டு போயி முன்னால நிறுத்துனா சாமி என்னைய என்ன கேக்கும்?"

இருளம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டாள். "வால் மொளச்சிரும்ணே."

"மொளைக்கும். மாசியில கோயில் கொடை, அதுக்குள்ள மொளைக்குமா? நீ சொல்லிருவியா அதுகிட்ட?"

"எந்த நாய்னு பாத்தீகளா?"

"செவலை. இந்தத் தெரு நாயில்ல. புது நாய்." சேவலைக் கீழே விட்டார். அது வால் இல்லாமல் நடக்கப் பழகாமல் முன்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தது. "இருக்கட்டும். நம்மூர்ல நாய விரட்ட வெடிக்கா பஞ்சம்?"

உண்மைதான். தீபாவளி முடிந்த பிறகும் அந்தத் தெருவில் எந்த வீட்டுப் பரணைத் துழாவினாலும் நாலு ஒத்தை வெடி கிடைக்கும். மறுநாள் உச்சிவேளையில் செவலை நாய் தெருமுனையில் தெரிந்ததும் பலவேசம் ஒன்றைப் பற்ற வைத்துச் சாலையில் போட்டார். வெடித்த சத்தத்தில் இருளம்மாளின் கோழிகள் கூரைமேல் ஏறின. அடையில் படுத்திருந்த கோழி முட்டைகளை விட்டு எழுந்து ஓடி, பிறகு நெடுநேரம் கூட்டுக்குத் திரும்பவில்லை. பலவேசத்தின் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு போயின. நாய் மட்டும் ஓடவில்லை. காதை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு, வெடித்த இடத்தை நோக்கி நேரே ஓடி வந்தது.

"இது என்ன ஜென்மம்" என்றார் பலவேசம். "வெடியப் போட்டா கிட்ட வருது."

அடுத்த வீட்டுத் திண்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "சிவகாசி நாய்ல்ல மாமா. மெட்ராஸ் நாய்னா ஓடியிருக்கும்."

பலவேசம் விடவில்லை. தெருவும் விடவில்லை. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் யாராவது ஒருவர் வெடி போட்டார்கள். நாயும் தவறாமல் வந்தது. வந்து, கொஞ்சநேரம் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, வாயில் சிக்கியதைத் தூக்கிக்கொண்டு போனது.

இருளம்மாள் அதன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தது மார்கழி பிறந்த பிறகுதான். அவள் பின்பக்கத்துத் துவைகல்லில் நின்றிருந்தாள். தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. கோழிகள் சிதறின. முள்வேலிச் சந்தில் நுழைந்து வந்த நாய் ஒரு வெடையைக் கழுத்தோடு கவ்விவிட்டது. கைக்கு வந்த கல்லை எடுத்து ஓங்கிக்கொண்டு ஓடினாள். நாய் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றது. வாயில் கோழியுடன், மெல்ல மெல்ல, வாலை ஆட்டியது.

இடது காது நுனியில் கிழிசல். மூக்குக்கு மேலே பழைய தீக்காயத்தில் முடி முளைக்காத ஒரு திட்டு.

"ஏலே" என்றாள் இருளம்மாள். "போர்மேனு."

கல் கையிலிருந்து நழுவியது. நாய் கோழியைக் கீழே வைத்தது. அதை மறந்துவிட்டதுபோல இரண்டு எட்டு வைத்து அவள் காலடிக்கு வந்து, தலையைத் தூக்கி, அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கம்பெனியில் பிறந்த நாய் அது. கம்பெனிக்கு வெளியே அது போய் யாரும் பார்த்ததில்லை. மத்தியானம் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரம், வேலையை மேற்பார்க்கும் உண்மையான போர்மேன் ஒவ்வோர் அறையாகப் போய் உள்ளே யாரும் மிச்சம் இருக்கிறார்களா என்று பார்ப்பார். அவர் பின்னாலேயே இந்த நாயும் வாசல் வாசலாகப் போய் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துத்தான் பெண்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். போர்மேன் அருகில் இருந்தால் "செவலை" என்பார்கள், அவர் தலை மறைந்ததும் "போர்மேனு, இங்கன வா" என்பார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு கை உருண்டை வைப்பாள். இருளம்மாள் கருவாட்டுத் துண்டை அதற்கென்று எடுத்துவைத்து, பக்கத்தில் இருப்பவளிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். அது எலி பிடித்துத் தின்னவில்லை, குப்பையைக் கிளறவில்லை. அதற்குத் தேவையே வரவில்லை.

இப்போது அதன் விலா எலும்புகளை எண்ணலாம்போல் இருந்தது.

கீழே கிடந்த வெடைக்கு உயிர் இல்லை. இருளம்மாள் அதைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். அடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் உள்ளே போய்க் கஞ்சிப்பானையைச் சாய்த்து ஊற்றிக்கொண்டு வந்தாள். அது குடித்த வேகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிக் கோழியைப் புதைத்தாள். அது செல்விக்காக வளர்ந்தது. அதைக் கொன்றதற்குத் தன் கையாலேயே கஞ்சி ஊற்றியிருக்கிறாள். மகளுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள்?

சாயங்காலம் புருஷன் ஆண்டிச்சாமி வந்ததும் சொன்னாள். கம்பெனி லாரிகளுக்குச் சுமை ஏற்றுகிறவர் அவர்; இப்போது அந்த லோடு இல்லாததால் சிவகாசியில் காலண்டர் லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். கைகால் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்ப போர்மேன் வீடு வீடா ஆய்வுக்கு வந்திருக்காருன்னு சொல்லு."

"சிரிக்காதீக. ஏழுல நாலு தான் மிச்சம்."

"நான் என்ன செய்ய? நீங்க வளத்த லெச்சணம்."

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் அது அவளை விடவில்லை. சோறு போட்டது தப்பா? பசித்த வாய்க்கு ஒரு கை வைப்பது எப்படித் தப்பாகும்? ஆனால் கம்பெனியைப் பூட்டிய அன்று, சம்பளம் என்ன ஆகும், அடுத்த வேலை எங்கே என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டே வேனில் ஏறினார்களே, அந்த நாய் வேன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்ததே, அப்போது ஒருத்தியாவது திரும்பிப் பார்த்தாளா? அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு மறந்துபோனாள். அது மறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு நாள் கழித்துப் பலவேசம் பிராய்லர் கடையிலிருந்து கோழிக்குடல் வாங்கி வந்திருப்பதாக அவர் வீட்டுக்காரி வாயிலிருந்தே தெரிந்தது. வயலுக்குப் போடுகிற குருணை மருந்தும் வைத்திருக்கிறாராம். இருளம்மாள் போட்டது போட்டபடி எழுந்து அவர் வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, அத எங்க வைக்கப் போறீக?"

"நாய் வர்ற பாதையில."

"எங்க கோளி கொத்துமே."

"ரெண்டு நாளைக்கு அடச்சு வை. ஒரேயடியா போறதுக்கு அது பரவாயில்லல்ல?"

இருளம்மாள் நேராகவே சொன்னாள்: "அது எங்க கம்பெனி நாயிண்ணே. நாங்க சோறு போட்டு வளத்தது."

பலவேசம் நிமிர்ந்து பார்த்தார். "ஓகோ. அப்ப எங்க கோளிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

"சேவல் வாலுக்கு?"

"அதுக்கும் சேத்துத்தான். எனக்குக் கொஞ்சம் தவணை குடுங்க. அது இந்தப் பக்கம் வராம நான் பாத்துக்கிடுறேன்."

"எப்படிப் பாப்ப?"

அது அவளுக்கே தெரியாது. "பாத்துக்கிடுறேன்" என்றாள் மறுபடியும்.

பலவேசம் மருந்து டப்பாவை எடுத்து ஓட்டுச் சரிவின் இடுக்கில் செருகினார். "இன்னும் ஒரு கோளி போச்சு, அப்புறம் நான் ஒன்னையக் கேக்க மாட்டேன்."

அன்று மாலையே ஆண்டிச்சாமி வேலிக்கருவை வெட்டி வந்து வேலிச் சந்துகளை அடைத்தார். இருளம்மாள் வெடைகளைப் பகலிலும் பஞ்சாரத்துக்குள் போட்டாள். அடைபட்ட கோழிகள் இரை எடுக்கவில்லை, ஒன்றையொன்று கொத்தின. இப்படி எத்தனை நாள் தள்ளுவது?

மறுநாள் உச்சியில் அவள் முன்வாசலில் உட்கார்ந்து தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். பின்தெருவில் யாரோ வெடி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் போர்மேன் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு தாய்க்கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. நாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அவள் எதிரில் வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்தது.

கை பிசைந்தபடியே நின்றுபோனது. அவளுக்குச் சட்டென்று விளங்கியது.

கம்பெனியில் சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், காலையில் செய்த சரக்கில் ஒன்றிரண்டை எடுத்துப்போய்த் தூரத்துப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். சத்தம் சரியாக இருந்தால் சரக்குச் சரி. வேப்பமரத்தடியில் தூங்கும் நாய் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்து உடம்பை உதறும். மணி அதற்கு அப்புறம். சத்தம் கேட்டால் சோறு. குட்டியிலிருந்து அதற்குத் தெரிந்த ஒரே கடிகாரம் அது. கம்பெனி பூட்டிய பிறகு பொட்டலில் கிடந்த நாய் முதலில் பசியில் தானே ஊருக்குள் வந்திருக்கும். அப்புறம் அதைத் தெருவே சேர்ந்து தினமும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. வந்த விருந்தாளிக்கு யாரும் இலை போடவில்லை. அது கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அவள் தட்டிலிருந்த சோற்றை வாசலுக்கு வெளியே கொட்டினாள். பிறகு வீடு வீடாகப் போனாள்.

"மத்தியானத்துல வெடி போடாதீக. அது சாப்பாட்டுக்குக் கூப்பிடுறோம்னு வருது."

சிரித்தார்கள். "நாய்க்கு மணியடிச்சுச் சோறா? கல்யாண வீடா இது?" என்றாள் ஒருத்தி. ஆனாலும் நிறுத்தினார்கள். நிறுத்தியதற்குக் காரணம் அவள் சொன்னதை நம்பியதா, வெடி தீர்ந்துபோனதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெடியை நிறுத்தினால் மட்டும் போதாது. பசி இருக்கிறது, வழியும் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் அவள் ஒரு சட்டியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு, ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவே, மழை பொய்த்ததால் தண்ணீர் வற்றிக்கிடந்த கண்மாய்க்குள் இறங்கினாள். கம்பெனிப் பக்கம் நெருப்பைக் கொண்டு போகிறவள் அல்ல அவள். நடுக் கண்மாயில், புல் பூண்டு இல்லாத வெடித்த தரையாகப் பார்த்து ஒரே ஒரு வெடியை வைத்து ஊதுபத்தியால் பற்ற வைத்துவிட்டு விலகி நின்றாள். சத்தம் கரையில் மோதித் திரும்பியது. ஊர்ப் பக்கத்திலிருந்து நாய் ஓடி வந்தது. இந்தத் தடவை சத்தத்துக்குப் பின்னால் சோறு இருந்தது.

நாலைந்து நாளில் வெடி தேவைப்படவில்லை. உச்சிவெயிலில் அவள் கரை ஏறும்போதே போர்மேன் கீழே உட்கார்ந்திருக்கும். ஊர்ப் பக்கம் வருவது நின்றது. அவள் வெடைகளை வெளியே விட்டாள். முதல் நாள் முழுதும் வேலியோரமே உட்கார்ந்திருந்தாள், இரண்டாம் நாள் எழுந்து துணி துவைத்தாள். அவளோடு சரம் பின்னிய பெண்கள் சிலர் கேள்விப்பட்டு, ஆளுக்கொரு நாள் மிச்சம் மீதியைக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் உடனே திரும்பவில்லை. கரைமேல் கொஞ்சநேரம் உட்கார்ந்து கம்பெனிக் கதை பேசினார்கள். வேலை இல்லாத வீட்டில் மத்தியான நேரத்தை என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து மாரிசெல்வி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று வெடைகளைப் பார்த்தாள்.

"ஏழுன்னு சொன்ன?"

"நாலு இருக்குல்ல."

"மூணு எங்க?"

இருளம்மாள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. செல்வி கேட்டுவிட்டுத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குன்னு வளத்தத தின்ன நாய்க்கு நீ தெனமும் சோறு கொண்டு போற."

"ஆமா."

"எங்க மாமியா கேட்டா சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போகட்டும். ஒனக்குக் கோவமா?"

செல்வி யோசித்தாள். "பசிச்சா நான்கூட இப்ப என்ன திங்கேன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது" என்றாள்.

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வலி வந்தது. விடிந்தும் விடியாமலும் ஆட்டோ பிடித்துச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஆண்டிச்சாமி ஆட்டோவிலிருந்து இறங்கி மருந்துக்கும் சீட்டுக்கும் அலைந்தார். செல்வியை உள்ளே கொண்டுபோனார்கள். இருளம்மாள் வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மகள் குரல் கேட்கும்போதெல்லாம் கதவை நிமிர்ந்து பார்த்தாள்.

வெயில் வராந்தாத் தரையில் ஏறி வந்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கோழிகளைத் திறந்துவிட்டு வந்திருக்கிறாள். பழக்கத்தில் கை செய்த வேலை அது. இந்நேரம் போர்மேன் கண்மாய்க்குள் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சநேரம் பார்க்கும். அப்புறம் தெரிந்த வழியில் எழுந்து நடக்கும்.

அவளோடு வேலை பார்த்த இரண்டு பேருக்குப் போன் அடித்தாள். ஒருத்தி எடுக்கவில்லை. இன்னொருத்தி விருதுநகரில் ஒரு விசேஷ வீட்டில் இருந்தாள். ஆண்டிச்சாமி இங்கே தேவை. தெருவில் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற ஆள் ஒருவர்தான்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அந்த நாய்க்கு இடம் தெரியும், நேரம் தெரியும். கை யாருடையது என்று அது பார்ப்பதில்லை. எந்தக் கை வைத்தாலும் தின்னும். மருந்து டப்பா இன்னும் அந்த ஓட்டு இடுக்கில்தான் இருக்கிறது. போன வாரம்கூடப் பார்த்தாள். அவரிடம் சொன்னால், நாயைக் கையில் பிடித்துக் கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் கோழி போகும், அப்புறமும் அதே டப்பாதான்.

எண்ணை அழுத்தினாள்.

"என்ன புள்ள?" என்று எடுத்ததும் கேட்டார் பலவேசம்.

"இன்னும் ஆகலண்ணே. உள்ளதான் இருக்கா."

"பயப்படாத. ஆகிரும்."

"அண்ணே, ஒரு ஒத்தாச." போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "மத்தியானமாச்சு. கண்மாயில அது உக்காந்திருக்கும். எங்க அடுப்படியில சட்டியில சோறு இருக்கு. சாவி பானைக்குக் கீள. கொஞ்சம் கொண்டு போயி…"

"நானா?" என்றார் பலவேசம்.

"வேற யாருகிட்டக் கேக்கன்னு தெரியலண்ணே."

"அந்த நாய்க்கு நான் சோறு கொண்டு போகணும்."

"ஆமாண்ணே. கோளியும் வெளியில நிக்குது."

"ம்" என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

அந்த "ம்" என்ன "ம்" என்று அவளுக்குத் தெரியவில்லை. சரி என்பதா? நல்ல வாய்ப்பு என்பதா? எழுந்து வராந்தாவின் கடைசிவரை நடந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். பெற்ற மகள் உள்ளே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள், இங்கே ஒரு நாயை நினைத்துக்கொண்டு கிடக்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மனசு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் துடித்தது. ஒன்றை விலக்கி ஒன்றை வைக்க அவளால் முடியவில்லை.

கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்தாள். துணியில் சுற்றிய சின்ன முகத்தைக் குனிந்து காட்டினாள். "பொம்பளப் புள்ள. அம்மா நல்லா இருக்காங்க." இருளம்மாள் ஒரு விரலை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டாள். எத்தனையோ வருடமாகச் சரம் பின்னி மரத்துப்போன விரல்நுனிக்கு அதன் மிருது உடனே தெரியவில்லை. புறங்கையைத் திருப்பித் தொட்டாள். அப்போது தெரிந்தது.

மடியில் போன் அடித்தது.

"ஏத்தா, என்ன நாய் வளத்து வச்சிருக்க நீ?" பலவேசத்தின் குரல் வெயிலில் நடந்த களைப்போடு இருந்தது. "ஒன் சட்டியில இருந்தது வெறும் ரசஞ்சோறு. கொண்டு போயி வச்சா மோந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாக்குது. திங்க மாட்டேங்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. திரும்ப வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக் கருவாட்டுக் குளம்ப எடுத்துட்டுப் போனேன். அத ஊத்துனதும்தான் தலைய விட்டுச்சு தொர. இந்த வெயில்ல என்னைய ரெண்டு நடை நடக்க விட்டுருச்சு."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் இறங்கியது.

"சிரி. கோளிய எல்லாம் அடச்சிட்டேன். நாலும் இருக்கு. அங்கன என்னாச்சு?"

"பொம்பளப் புள்ளண்ணே. இப்பத்தான்."

"நல்லதா போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்கும் நீ ஆஸ்பத்திரியிலதான?"

"ஆமாண்ணே. மூணு நாள் ஆகும்போல."

"அப்ப நாளைக்கு என்ன குளம்புன்னு இவகிட்ட இப்பமே சொல்லி வைக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆண்டிச்சாமி மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். பேத்தியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வீட்டுக்குப் போய்வர வேண்டும், என்ன எடுத்து வர என்று கேட்டார்.

பழைய வேட்டித் துணி, செல்வியின் சேலை, கருப்பட்டி என்று இருளம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். நாலு வெடைகளும் கண்முன் வந்தன. காலையில் கதவைத் திறந்ததும் ஓடி வந்து பாதத்தைக் கொத்துகிறவை. செல்வி சொன்னது சரிதான், மனசு வரவில்லை. ஆனால் இது அவள் பல மாதமாகக் காத்திருந்த சாறு.

"நாங்க வீட்டுக்கு வர்ற அன்னைக்கு அந்தக் கருங்கால் வெடைய அறுத்துருங்க. பூண்டு நெறைய உரிச்சு வைங்க" என்றாள். அவர் படியிறங்கத் திரும்பியதும் மறுபடி கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. எலும்ப மட்டும் போர்மேனுக்கு வைக்காதீக. கோளி ருசி இனிமே அதுக்கு வேண்டாம்."